விடச் சொல்ல வேண்டியவள்

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய பஸ் நிலையத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில், யோகா ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த பதினொரு பேர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடச் சொல்ல வேண்டியவள் அறையின் நடுவிலிருந்த தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் விட்டவர் கணக்கு சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். டயரில் ஆணி ஏறியது போன்ற ஒரு சத்தத்தோடு விட்டார்.

"அம்மா தாயே, எங்க போயிட்டீங்க? நாங்க உயிரோட வீட்டுக்குப் போகணுமா வேண்டாமா?"

மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவள் தூணுக்குப் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். வலது கை மடங்கியிருந்தது. கட்டைவிரல் எதையோ அழுத்தியபடி இருந்தது. அதைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவளும் அங்கே படிக்க வந்தவள்தான், அன்று நடத்திப் பழகும் முறை அவளுடையது. அவளுக்கு அந்த வகுப்பில் 'எக்ஸ்ரே அக்கா' என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபது வருடத்துக்கு மேல் அதே அறை. ஜன்னல் கிடையாது, சுவருக்குள் ஈயத் தகடு. வருகிறவரை பிளேட்டில் நெஞ்சு படும்படி நிறுத்தி, தோளை முன்னால் தள்ளி, முகவாயைத் தூக்கி வைத்து, "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டெட்டில் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவாள். பட்டனை அழுத்துவாள். பீப் என்று ஒரு சத்தம் வரும். "விட்டுடலாம்" என்பாள். அடுத்தவர்.

சைக்கிள் கடை மாடியில் அன்று நடந்ததும் அதேதான். பீப் மட்டும் வரவில்லை.

வகுப்பை நடத்தியவர் அங்கிருந்த பெரும்பாலோரைவிட வயதில் சின்னவர். அதனால் 'சின்ன டீச்சர்'. அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"சத்தத்துக்கு."

"என்ன சத்தம்?"

சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அவளும் சிரித்தாள். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

அதுவரை அந்த வகுப்பில் தடுமாறாதவள் அவள்தான். ஆசனத்தைத் தான் செய்வது ஒரு வேலை, இன்னொருவரைச் செய்யவைப்பது வேறு வேலை என்று சின்ன டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். எதிரே நிற்கும் ஆசிரியர் "வலது கையைத் தூக்குங்க" என்று சொல்லும்போது தன் இடது கையைத் தூக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி போல இருக்க வேண்டும். கணக்கு சாருக்கு அது பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் வீட்டிலிருந்து கிளம்பி எதிர்த்திசை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதாகச் சொன்னார். அவளுக்கோ அது பழக்கமான விஷயம். படத்தில் நோயாளியின் வலது பக்கம் எப்போதும் அவளுக்கு இடது பக்கம்தான். முதல் நாளே ஒரு பிழை இல்லாமல் செய்தாள். குனியும்போது மூச்சை விட வேண்டும், நிமிரும்போது இழுக்க வேண்டும் என்பதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எலும்புகளின் பெயரையெல்லாம் அவளிடம் கேட்டுத்தான் மற்றவர்கள் சரிபார்ப்பார்கள்.

அவளுக்குச் சான்றிதழ் தேவையாக இருந்தது. ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் நுரையீரல் நோயாளிகளுக்கென்று மூச்சுப் பயிற்சி அறை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல். ஜூன் முதல் தேதி திறப்பு. அன்றைக்குச் சான்றிதழோடு வருகிற ஊழியருக்கு அந்த இடம் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். மனு கொடுத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இவள். இன்னொருவர் பிசியோதெரபி பிரிவின் உதவியாளர். அவர் வேறொரு இடத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் மட்டும் காரணம் இல்லை. முந்தின வருடம் காய்கறிக் கடையில் ஒருவர் அவளைப் பார்த்து வணக்கம் சொன்னார். யாரென்று தெரியவில்லை. "என்னைத் தெரியலையாம்மா? நாலஞ்சு தடவை வந்திருக்கேனே" என்றார். அப்போதும் தெரியவில்லை. "தோள்பட்டைக்கு..." என்று அவர் சட்டைக் காலரைத் தொட்டதும், "வலது பக்கம், காறை எலும்பு, நடுவுல உடைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்துச்சு" என்று மளமளவென்று சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. மீசை இருந்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டும்போது சின்ன டீச்சர் அவளை நிறுத்தினார்.

"உங்ககிட்ட வார்த்தையெல்லாம் சரியா இருக்கு அக்கா. குரலும் நல்ல குரல். ஆனா சொல்லிட்டுப் போயிடறீங்க."

"அது பழக்க தோஷம். தூணு இல்லாத இடமா நின்னாப் போதும்."

"தூணு இல்லேன்னா கண்ணை எடுத்துடுவீங்க. இன்னிக்கு முன்னாடியும் பார்த்தேன். 'பிடிங்க'ன்னு சொன்னதும் நீங்க சுவரைத்தான் பார்க்கறீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒரு வாரம் யார்கிட்டயும் மூச்சைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. ஆஸ்பத்திரியில சொல்லித்தான் ஆகணும், அது வேற. வெளியில சும்மா பாருங்க. எப்ப இழுக்கறாங்க, எப்ப விடறாங்க. அவ்வளவுதான்."

பார்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸில், வரிசையில், மருந்துக் கவுண்டரில். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் காலையில் பேப்பர் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் விடவில்லை.

"என்ன, என் மூக்கையே பார்த்துக்கிட்டு இருக்க?"

"ஒண்ணும் இல்ல. படிங்க."

"சளி கிளி தெரியுதா?"

"படிங்கன்னா படிங்களேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என்னை இவ்வளவு நேரம் பார்க்கற. அதுவும் மூக்கை."

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. அவள் 'அண்ணி' என்று கூப்பிடுவாள். கணவரை இழந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவர், முன்னறையைத் தையல் கடையாக மாற்றிக்கொண்டார். தெருவில் பாதிப் பேரின் அளவு அவருக்கு மனப்பாடம். அடுத்த பாதிப் பேரின் கதையும்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வாசற்படியில் உட்கார்ந்து அண்ணியைப் பார்த்தாள். மேசையில் துணி விரித்திருந்தது. உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகள். கத்தரி துணிக்குள் இறங்குவதற்கு முன் அண்ணி ஒரு மூச்சை இழுத்தார். கத்தரி சுண்ணாம்புக் கோட்டின் மேல் போய்க்கொண்டே இருந்தது. தோள் வளைவில் திரும்பியது, இறங்கியது, ஓரத்துக்கு வந்து நின்றது. அதுவரை விடவில்லை. கத்தரியைக் கீழே வைத்த பிறகாவது விடுவார் என்று பார்த்தாள். கொஞ்சம் விட்டார், முழுதாக இல்லை. உடனே இன்னொரு மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போனார். ஊசியில் நூல் கோக்கும்போதும் அப்படி. பட்டன் வைக்கும்போதும் அப்படி. உள்ளே போனது முழுதாக வெளியே வரவே இல்லை.

இரண்டு வருடம் முன்னால் அண்ணி, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை என்று சொன்னார். இவளே கூட்டிக்கொண்டு போய் இவளே படம் எடுத்தாள். டாக்டர் இதயத்தையும் சோதித்துவிட்டுக் கோளாறு எதுவும் இல்லை என்றார். "ஒண்ணும் இல்ல அண்ணி, படம் சுத்தமா இருக்கு" என்று இவளும் சொன்னாள்.

"படம் சுத்தம்தான். எனக்குத்தான் மூச்சு முட்டுது" என்றார் அண்ணி.

அதை அப்போது அண்ணியின் வழக்கமான குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். இப்போது வாசற்படியில் உட்கார்ந்திருக்கையில் வேறொன்று தோன்றியது. இத்தனை வருடத்தில் தான் எடுத்த மார்புப் படங்கள் எல்லாமே பிடித்து வைத்த மூச்சின் படங்கள். எந்தப் படத்திலும் யாரும் மூச்சு விடவில்லை. அண்ணியை அன்று பிளேட்டின் முன்னால் நிறுத்தி "பிடிங்க" என்றபோது சொன்னபடி கற்சிலையாக நின்றார். ஒரே தடவையில் படம் தெளிவாக விழுந்தது. எல்லோரும் உங்களைப் போல இருந்தால் என் வேலை சுலபம் என்று பாராட்டியதும் ஞாபகம் வந்தது.

"என்னடி, அளவு குடுக்க வந்தவ மாதிரி முழிக்கற?" என்றார் அண்ணி, குண்டூசிகளை எடுத்துவிட்டு.

வாரம் முழுக்கப் பேசக் கூடாது என்பது கட்டளை. "சும்மாதான் அண்ணி" என்று எழுந்து உள்ளே போனாள்.

அதன்பிறகு வகுப்பில் அவளுக்கு முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பு வார்த்தைகள் தாமாக வந்தன. இப்போது எதிரே இருப்பவர் இழுத்து முடித்தாரா என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் பாதியில் இருந்தார். "வேகம் குறைஞ்சுடுச்சே, எக்ஸ்ரே எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சா?" என்று கணக்கு சார் கேலி செய்தார். சின்ன டீச்சர் சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். கால் இரண்டும் அவ்வப்போது பின்னால் நகரத்தான் பார்த்தன. பாயின் ஓரத்தைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு நின்றாள்.

தேர்வு மே மாதத்தின் கடைசி ஞாயிறு. அரை மணி நேர வகுப்பு. நின்று, உட்கார்ந்து, குப்புறப் படுத்து, மல்லாந்து படுத்துச் செய்பவை, கடைசியில் மூச்சுப் பயிற்சி. மூச்சில் இழுப்பது, நிறுத்துவது, விடுவது மூன்றையும் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். வரிசை மாறக் கூடாது. கூடப் படிக்கிறவர்களே மாணவர்களாக இருப்பார்கள். அவர்களோடு யோகா செய்தே அறியாத ஒருவரை ஒவ்வொருவரும் வெளியிலிருந்து அழைத்துவர வேண்டும். அவள் கணவரைத்தான் தயார் செய்து வைத்திருந்தாள். அவரும் அதற்கென்று புது டிராயர் வாங்கியிருந்தார். சனிக்கிழமை அச்சகத்தில் இயந்திரம் நின்றுபோய், ஞாயிற்றுக்கிழமை வந்தே ஆக வேண்டும் என்று ஆள் வந்து சொன்னார்.

"நான் வரேன்" என்றார் அண்ணி.

"வேண்டாம் அண்ணி. மல்லாந்து படுக்கணும். உங்களுக்கு ஆகாது."

"கொஞ்ச நேரந்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துடறேன். உனக்கு ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை காலைல எவ வருவா?"

பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதில்தான் சிக்கல் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் வேறு ஆள் இல்லை. சரி என்றாள்.

தேர்வாளர் வெளியிலிருந்து வந்திருந்த ஒரு மேடம். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பின்சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம். அவளுடைய முறை மூன்றாவதாக வந்தது.

நின்று செய்பவை பிசிறில்லாமல் போயின. வலது என்று சொல்லி இடது கையைத் தூக்கினாள். அண்ணி, எதிரே நிற்பவள் தம்பி பெண்டாட்டி என்பதை மறந்து, வாடிக்கையாளர் பேச்சைக் கேட்பது போல ஒழுங்காகக் கேட்டார். ஒற்றைக் காலில் நிற்கும்போது மட்டும், "கண்ணாடி முன்னாடி நிறுத்தி அளவெடுக்கறப்ப எல்லாரும் ஏன் ஆடறாங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். மேடம்கூடச் சிரித்தார். உட்கார்ந்து முன்னால் குனிவதும், குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவதும் நேரத்துக்கு முடிந்தன. கடிகாரத்தில் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

"மெதுவாத் திரும்பி மல்லாந்து படுங்க. கையைக் கொஞ்சம் தள்ளி வைங்க. கண்ணை மூடிக்கலாம்."

எல்லோரும் படுத்தார்கள். அடுத்து, படுத்தபடியே கால்களை ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். பிறகு எழுந்து உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி. வாயைத் திறந்தவள் அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணியின் உதடுகள் குண்டூசி வைத்திருப்பது போல இறுகியிருந்தன. நெஞ்சு உயர்ந்து அப்படியே நின்றிருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. பாயின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தார். பிடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அண்ணியாகவே பிடித்துக்கொண்டிருந்தார், தம்பி மனைவியின் தேர்வு முடியும்வரை விடுவதாக இல்லை.

"அண்ணி, எந்திரிச்சு உக்காந்துக்கறீங்களா?"

அண்ணி கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் இல்லையென்று அசைத்தார்.

அவள் பின்சுவரைப் பார்த்தாள். மேடம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயை விட்டு இறங்கினால் மதிப்பெண் போகும். வரிசையை விட்டால் இன்னும் போகும். ஜூன் முதல் தேதிக்கு முன்னால் வேறு தேர்வு கிடையாது. மூன்றும் அவளுக்குத் தெரியும்.

இறங்கினாள். இரண்டெட்டு, முன்னால். அண்ணியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, வாயைக் கொஞ்சம் திறங்க. ஊசி ஒண்ணும் இல்ல. விடுங்க."

கொஞ்சம் வந்தது.

"இன்னும் இருக்கு. விடுங்க."

"விட்டுட்டேன்டி."

"இல்ல அண்ணி, இன்னும் இருக்கு. அவசரமில்ல. துணி ஒண்ணும் கோணாது. விடுங்க."

அண்ணியின் நெஞ்சு இறங்கியது. நின்றது. இன்னும் இறங்கியது. வயிறு உள்ளே போனது. அதற்குப் பிறகு மூச்சு, யாரும் இழுக்கச் சொல்லாமலே, தானாக உள்ளே வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்ததும் போனது, வந்தது. அறையில் மற்றவர்களும் படுத்தபடி அவள் குரலுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அண்ணி விட்ட மூச்சு இத்தனை நீளமா என்று ஆச்சரியப்படும்படி போய்க்கொண்டே இருந்தது. இழு என்றோ பிடி என்றோ அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மேடம் மணியைத் தட்டியபோது அண்ணி தூங்கிப்போயிருந்தார்.

முடிவை அன்றே சொன்னார்கள். மேடம் அவளைத் தனியாக அழைத்துப் பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"மூச்சை நிறுத்தறது நடத்தலை. கால் தூக்கறது நடத்தலை. உக்காந்து செய்யற மூச்சு நடத்தலை. உங்க இடத்தையும் விட்டுட்டீங்க. அந்தம்மாவைக் கவனிச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது வகுப்பெடுக்கறதுக்கான தேர்வு. மத்த பதினொரு பேர் என்ன ஆனாங்க?"

"நாங்க பாட்டுக்கு விட்டுக்கிட்டுத்தான் இருந்தோம் மேடம்" என்றார் கணக்கு சார்.

மேடம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "நாளைக்கு முப்பது பேர் முன்னால ஒருத்தருக்கு இப்படி ஆனாலும் போய் உக்காந்துடுவீங்களா?"

அவள் யோசித்தாள். "உக்காருவேன்னுதான் நினைக்கறேன் மேடம். மத்தவங்களை என்ன செய்யச் சொல்றதுன்னு கத்துக்கணும்."

"அதைக் கத்துக்கிட்டு வாங்க" என்றார் மேடம்.

மாடிப்படியில் இறங்கும்போது அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே சைக்கிள் கடையில் யாரோ ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால உன் மேல்மாடி போச்சா?"

"பாதி உங்களால."

"மீதி?"

"மீதி நான்தான். முன்னாடியே உங்களைப் பார்த்திருக்கணும். இன்னிக்குப் பார்த்தேன்."

"இதுக்குத்தான் சொல்றேன், அவனையே இழுத்துக்கிட்டு வந்திருக்கணும்" என்றார் அண்ணி. "புது டிராயரும் வீணாப்போச்சு."

ஜூன் முதல் தேதி மேல்மாடி அறை திறக்கப்பட்டது. பொறுப்பு பிசியோதெரபி உதவியாளருக்குக் கொடுக்கப்பட்டது. அவள் ஆகஸ்டில் மறுதேர்வில் தேர்ச்சி பெற்றாள். அந்தத் தேர்வுக்குக் கணவர் வந்தார். எக்ஸ்ரே அறையில்தான் இன்னும் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் சைக்கிள் கடை மாடியில் வகுப்பு எடுக்கிறாள். அண்ணி தவறாமல் வருகிறார். பாய் விரிக்க இடம் போதாததால் தூணுக்குப் பின்னாலும் ஒருவர் படுக்கிறார்.